நாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால்: ஒரு நோட்டுப்புத்தகத்தோடு தொடங்குங்கள்

பூபதிக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது கையில் தட்டுப்பட்டது. தாடைக்குக் கீழே, இரண்டு பக்கமும், நெல்லிக்காய் அளவில் இரண்டு உருண்டைகள். அழுத்திப் பார்த்தேன். வலித்ததாகத் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் சொறிந்துவிடு என்பதுபோல் கழுத்தை நீட்டிக் கொடுத்தான். எட்டு வயது லாப்ரடார். அதுவரை ஒரு வேளைச் சோற்றைக்கூட மிச்சம் வைத்ததில்லை. “நெறி கட்டியிருக்கிறது, பல்லில் ஏதாவது கோளாறாக இருக்கும்” என்றார் அம்மா. எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது.

நெறி கட்டக் காரணம் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிய நான்கு வாரம் ஆயிற்று. அதன் பிறகு ஏழு மாதம் இருந்தான். அந்த ஏழு மாதத்தில் கற்றுக்கொண்டதையும், மருத்துவமனை வராந்தாவில் மற்ற நாய்க்காரர்களோடு உட்கார்ந்து பார்த்ததையும், இப்போதுதான் இந்தச் செய்தியைக் கேட்டு வீடு திரும்பியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் பேரேடு எழுதியவள். ஆகவே மருந்தின் அளவு எதையும் இங்கே தேடாதீர்கள். அது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது. நான் சொல்லக்கூடியது கணக்கு வைக்கும் முறையை. வாய் திறந்து சொல்லாத பிராணிக்குக் கணக்குதான் பாதி வைத்தியம் என்பது என் கட்சி.

முதல் படி: தடவிப் பாருங்கள், எழுதி வையுங்கள்

மாதம் ஒரு முறை, குளிப்பாட்டும் நாளிலோ உண்ணி எடுக்கும் நாளிலோ, தலையிலிருந்து வால்வரை கையால் தடவுங்கள். நெறி கட்டும் இடங்கள் தாடையின் கீழ், தோள்பட்டைக்கு முன்னால், அக்குள், தொடை இடுக்கு, பின்னங்கால் முழங்காலுக்குப் பின்புறம். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெண் நாயென்றால் வயிற்றோடு ஓடும் ஐந்து ஜோடி மடிகளையும் ஒவ்வொன்றாக விரல்களுக்கு இடையே உருட்டிப் பாருங்கள். முதல் முறை சினைப்பருவத்துக்கு வரும் முன்பே கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கு மடியில் புற்றுக்கட்டி வருவது மிகவும் அரிது. கருத்தடை செய்யாத நாய்க்கு வயது ஏற ஏற அது சாதாரணம். மடிக்கட்டிகளில் பாதியளவு தீங்கற்றவைதான். ஆனால் எது எந்தப் பாதி என்று கைக்குத் தெரியாது. 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் தேறும் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

கட்டி தட்டுப்பட்டால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, இடம், அளவு. அளவுகோல் கையில் இல்லாவிட்டால் நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: மிளகு, கடலைப்பருப்பு, சுண்டைக்காய், நெல்லிக்காய், எலுமிச்சை. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் “போன வாரம் சுண்டைக்காய், இந்த வாரம் நெல்லிக்காய்” என்று சொன்னபோது மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டியை அழுத்திப் பிதுக்கவோ, தினம் பத்து முறை தொட்டுப் பார்க்கவோ வேண்டாம். மாஸ்ட் செல் கட்டி என்று ஒருவகை உண்டு. சீண்டினால் ஹிஸ்டமின் கசிந்து சுற்றுப்புறம் சிவந்து வீங்கும். வயதான நாய்களுக்குத் தோலுக்கடியில் வரும் மெத்தென்ற கொழுப்புக்கட்டிகள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாதவை; அதையும் ஊசியால் குத்திப் பார்த்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

கட்டியே தெரியாத புற்றுநோய்களும் உண்டு. பெரிய உடம்புள்ள நாய் அடிபடாமலே நொண்டுகிறது, இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள்; எலும்புப் புற்று அப்படித்தான் தொடங்கும். ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம், வாயில் புதிதாக ஒரு நாற்றம், சிறுநீரில் ரத்தம், ஆறாத புண், காரணமில்லாமல் குறையும் எடை எல்லாமே காட்ட வேண்டியவைதான். நன்றாக இருந்த நாய் திடீரென்று சுருண்டு விழுந்து, ஈறு வெள்ளைத்தாள்போல் வெளுத்திருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். மண்ணீரல் கட்டி வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

ஒரு நல்ல செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் தெருநாய்களிடம் பிறப்புறுப்பில் பூக்கோசு மாதிரி ஒரு சதை வளர்ந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் புற்றுநோய்தான். இனச்சேர்க்கையின்போது புற்றுச் செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றி வளர்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு செத்துப்போன ஏதோ ஒரு நாயின் செல்கள் இன்றும் நம் தெருமுனையில் உயிரோடிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. வாரம் ஒரு ஊசி, வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம்; பெரும்பான்மையான நாய்களுக்கு முழுதாகக் குணமாகிவிடும். “தெருநாய்க்குக் கேன்சர், இனி என்ன செய்வது” என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: பெயர் தெரியும் முன் ஸ்டீராய்டு வேண்டாம்

எங்கள் தவறு இங்கேதான் நடந்தது. முதலில் காட்டிய இடத்தில், ஒவ்வாமையாக இருக்கும் என்று ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நெல்லிக்காய் சுண்டைக்காய் ஆயிற்று. ஐந்தாம் நாள் தடவினால் ஒன்றுமே இல்லை. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அதில் ஒரு மூடியைப் பூபதியே தூக்கிக்கொண்டு ஓடினான். மூன்று வாரம் கழித்து எலுமிச்சை அளவில் திரும்பி வந்தது, இம்முறை தோள்பட்டையிலும் முழங்காலுக்குப் பின்னாலும்.

பிறகு போன கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூத்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “நடுவில் ஸ்டீராய்டு ஏதாவது கொடுத்தீர்களா?” என்பது. மாத்திரை அட்டையை நீட்டினேன். பிரட்னிசோலோன், ஸ்டீராய்டுதான். லிம்போமா செல்களை ஸ்டீராய்டு சில நாட்களுக்குக் கரைத்துவிடும். அதனால் பரிசோதனையில் நோய் சரியாகப் பிடிபடாமல் போகலாம். பிழைத்த செல்கள் பின்னால் கொடுக்கும் கீமோ மருந்துகளுக்கும் முரண்டு பிடிக்கப் பழகிவிடலாம். நெறி கட்டியிருக்கும் நாய்க்கு யார் மாத்திரை எழுதினாலும், “இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா? பரிசோதனைக்குப் பிறகு கொடுக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். மூச்சு முட்டுவதுபோன்ற அவசரம் என்றால் மருத்துவரே காரணம் சொல்வார்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும், ரத்தம் குறையும், தட்டணுக்கள் இறங்கும், நாய் துவண்டு கிடக்கும். எர்லிக்கியா, பபீசியா என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எழுதியிருப்பது அதற்குத்தான். இரண்டும் சேர்ந்தே இருக்கும் நாய்களும் உண்டு. ஆகவே அந்தப் பரிசோதனையை எழுதினால் செலவைப் பார்த்து மறுக்காதீர்கள்.

கட்டியில் மெல்லிய ஊசியைக் குத்திச் செல்களை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பது முதல் சோதனை. மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. பூபதி ஒரு பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. அதில் தெளிவாகாவிட்டால் துண்டு எடுத்து பயாப்சி. அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்தால், எடுத்த கட்டியைக் குப்பையில் போட விடாதீர்கள். கெடாமல் வைக்கும் திரவமான பத்து சதவீத பார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். என்ன வகை, எவ்வளவு வீரியம், வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்ற மூன்றும் அந்த அறிக்கையில்தான் தெரியும். “எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்” என்ற வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது.

பிறகு நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்ப்பார்கள்: ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தால் சந்தோஷம்தான். ஆனால் மிகச் சிறிய முடிச்சுகள் அதில் தெரியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மூன்றாம் படி: எங்கே போவது, என்ன கேட்பது

சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 இல் தொடங்கியது. அதன் மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்தும் நாய்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. புதுச்சேரியிலும் ஒன்று இருக்கிறது. உள்ளூர் மருத்துவரை விட்டுவிட்டு ஓட வேண்டாம். அவரிடமே பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இரவு பதினோரு மணிக்கு வாந்தி எடுத்தால் போனை எடுக்கப்போகிறவர் அவர்தான்.

காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர்க் கிண்ணம், பழைய போர்வை, வாய்க்கட்டு, முந்தைய சீட்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். போர்வைக்கு இரண்டு வேலை: வராந்தாத் தரையில் விரிக்கலாம், நடக்க முடியாதபோது இரண்டு பேர் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டும் போகலாம்.

கேள்விகளை முன்தினமே நோட்டில் எழுதுங்கள். அந்த அறைக்குள் நுழைந்ததும் எனக்கு என் பெயரே மறந்துபோயிற்று. நான் எழுதிக்கொண்டு போனவை: இது குணமாகக்கூடிய வகையா, கட்டுப்படுத்தக்கூடிய வகையா? ஒன்றுமே செய்யாவிட்டால் எவ்வளவு நாள், எப்படிப்பட்ட நாட்கள்? சிகிச்சை என்றால் எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும், பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? கடைசியாக, “உங்கள் வீட்டு நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள், சார்?” இதற்கு எல்லோரும் பதில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கவனமாகக் கேளுங்கள்.

பூபதியின் நோயை எடுத்துக்கொண்டால், சிகிச்சை இல்லாமல் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். ஸ்டீராய்டு மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம். பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முழுக் கீமோ ஆறு மாதம்போல் நீளும்; பெரும்பாலான நாய்களுக்கு நெறி முழுக்க வற்றிப்போகும், பலவற்றுக்கு ஒரு வருடத்தை ஒட்டி ஆயுள் கிடைக்கும். நிரந்தரக் குணம் அரிது. எலும்புப் புற்றுக்குக் காலையே எடுக்கச் சொல்வார்கள். கேட்டவுடன் வயிறு கலங்கும். ஆனால் மூன்று காலில் வராந்தா முழுக்கச் சுற்றித் திரிந்த ஒரு ராட்வீலரை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பிடித்திருந்த பையனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். முடியாது என்று சொல்வதில் கேவலம் ஒன்றும் இல்லை. வலி தெரியாமல், வயிறு நிறைந்து, வீட்டு ஆட்கள் நடுவில் இருக்க வைப்பதும் ஒரு சிகிச்சை முறைதான்; அதற்கும் மருத்துவர் உதவுவார். கடன் வாங்கிப் பாதி கீமோவில் நிறுத்துவதைவிட முதலிலேயே அந்த வழியை எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான்காம் படி: கீமோ நாட்கள்

மனிதர்களுக்குக் கொடுக்கும் கீமோவைப் பார்த்தவர்கள் நாய்க்கு அதைக் கொடுக்கவே பயப்படுகிறார்கள். நாய்களுக்குக் கொடுக்கும் அளவு குறைவு; இருக்கிற நாட்களை நன்றாக வைப்பதுதான் நோக்கம். மீசை உதிரும், ஸ்கேனுக்காகச் சிரைத்த இடத்தில் முடி மெதுவாக வளரும். தொடர்ந்து முடி வளரும் பூடில் போன்ற இனங்களைத் தவிர மற்றவை மொட்டையாவதில்லை.

இந்த மருந்துகள் பெரும்பாலும் மனிதர்களுக்கு விற்பவைதான். நம்மையே வாங்கி வரச் சொன்னால் வின்கிரிஸ்டின் குப்பியை ஐஸ் பையில் கொண்டு வந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைபனிப் பகுதியில் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அது தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில், மூடியில் “தொடாதே” என்று எழுதிய டப்பாவுக்குள் இருந்தது. பல கீமோ மருந்துகளின் அளவை உடலின் பரப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். அதற்கு எடை துல்லியமாக வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு கிலோவை என்னால் தூக்க முடியாது. தெருமுனை அரிசிக் கடைத் தராசில் வாரா வாரம் நிறுத்துப் பார்த்தோம். கடைக்காரர் காசு வாங்கவில்லை.

ஊசி ரத்தக்குழாய்க்குள் சரியாக ஏற வேண்டும். வின்கிரிஸ்டினும் டாக்ஸோரூபிசினும் வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே அழுகிவிடும். எனவே மருந்து ஏறும்போது நாய் அசையாமல் இருக்க நீங்கள் தலைப்பக்கம் நில்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஊசி போட்ட கால் வீங்கினாலோ, ஓயாமல் நக்கினாலோ உடனே சொல்லுங்கள். டாக்ஸோரூபிசின் ஏறிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். அது மருந்தின் நிறம். அந்த மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் முன்னதாக இதயப் பரிசோதனை கேட்பார்கள். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். அதைக் காலையில் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, அன்று முழுக்க அடிக்கடி வெளியே கூட்டிப் போங்கள். கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் சில நாய்களுக்கு இந்த மருந்துகளில் சில மரபணுக் காரணத்தால் ஒத்துக்கொள்ளாது. இனத்தையும் கலப்பையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கீமோ மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கையுறை போட்டுக்கொண்டு ஒரு வாய் இட்லிக்குள் புதைத்துக் கொடுங்கள், விழுங்கும்வரை பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குச் சிறுநீர், மலம், வாந்தி எல்லாவற்றிலும் மருந்து இருக்கும். கையுறையோடு அள்ளுங்கள், அந்த இடத்தில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

இனி ஒரு தேதியைச் சொல்கிறேன், நோட்டில் சிவப்பு மையால் எழுதுங்கள்: ஊசி போட்ட ஏழாம் நாள். அதை ஒட்டித்தான் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை காலை மாலை காய்ச்சல் பாருங்கள். தெர்மாமீட்டர் முனையில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைக்க வேண்டும். நாய்க்கு 100 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. 103 ஐத் தாண்டினால், அல்லது எழவே மனமில்லாமல் கிடந்தால், அன்றிரவே மருத்துவமனை. அந்த நாட்களில் மற்ற நாய்களோடு விளையாட்டு வேண்டாம். தடுப்பூசி எதுவானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.

காய்ச்சலுக்கு நாமே பாராசிட்டமால் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் எல்லா வீட்டிலும் எழும். அது நாயின் ஈரலைக் கெடுக்கும். ஐபுபுரூபன், டைக்ளோபினாக் இரண்டும் வயிற்றில் ஓட்டை போடும், சிறுநீரகத்தைச் சாய்க்கும். நாய்க்கான வலி மாத்திரை மெலாக்சிகாமைக்கூட, பிரட்னிசோலோன் ஓடிக்கொண்டிருக்கும்போது சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு மருத்துவர்களிடம் காட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே ஓடும் மருந்துகளின் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் வைத்து, யாரைப் பார்த்தாலும் அதை முதலில் நீட்டுங்கள்.

பிரட்னிசோலோன் ஓடும் காலத்தில் வீடே மாறிவிடும். தண்ணீர் குடிக்கும், குடிக்கும், குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே இரவில் இரண்டு முறையாவது கதவைத் திறக்க வேண்டும். பசி பேய்ப்பசி. பூபதி ஒரு முறை குக்கர் மூடியில் ஒட்டியிருந்த பருப்புக்காகச் சமையலறைக் கதவைப் பிறாண்டியே பெயிண்டை எடுத்துவிட்டான். வயிறு காலியாக இருக்கும்போது அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். நிறுத்துவதென்றாலும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சோறு

புற்றுநோய் உள்ள நாய்க்கு என்ன கொடுப்பது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பட்டியல் கிடைக்கும். என் அனுபவத்தில் நல்ல உணவு என்பது அது சாப்பிடும் உணவு. வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் சோறு, பூசணி. உப்பும் மசாலாவும் இல்லாமல். கீமோ ஓடும்போது பச்சை இறைச்சி வேண்டாம். வெள்ளணு இறங்கிய உடம்பு அதிலுள்ள கிருமியைத் தாங்காது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை எந்த நாய்க்கும் ஆகாது. மிச்சமான சாம்பார் சாதம் கொடுத்தே வளர்ந்த நாய் என்று சொல்வார்கள். அந்தச் சாம்பாரின் சின்ன வெங்காயம் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் நாய்க்கு அதைத் தாங்கத் தெம்பு இருக்காது.

முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் லேசாகச் சூடாக்குங்கள், வாசம் எழும். கோழி வேகவைத்த தண்ணீரை இரண்டு கரண்டி ஊற்றுங்கள். தட்டில் வைத்தால் தொடாதது கையில் வைத்தால் தின்னும். வலுக்கட்டாயமாக வாயில் திணிக்காதீர்கள். அந்த உணவையே வெறுத்துவிடும். உதட்டை நக்குவதும் எச்சில் ஒழுகுவதும் குமட்டலின் அடையாளம். வாந்தியைத் தடுக்கவும் பசியைத் தூண்டவும் மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். முழுதாக ஒரு நாள் சாப்பிடாவிட்டால் போன் செய்யுங்கள்.

மஞ்சள், கருஞ்சீரகம், பப்பாளி இலைச்சாறு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். கொடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கீமோவை நிறுத்திவிட்டு இதைக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வலியும் புண்ணும்

ஊளையிட்டால்தான் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூபதி ஒரு நாளும் ஊளையிடவில்லை. ராத்திரியில் மூச்சிரைத்தான், படுத்த இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தான், தினமும் தூங்கும் வாசல் திண்ணையை விட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டான். ஒரே இடத்தை நக்குவது, தொட்டால் விலகுவது, படிக்கட்டின் முன் தயங்குவது எல்லாமே வலிதான். காபபென்டின், டிரமடால் போன்ற மருந்துகள் இதற்காகவே இருக்கின்றன. நேரம் தவறாமல் கொடுத்தால்தான் பலன். வலி வந்த பிறகு துரத்திக்கொண்டு ஓடுவது கடினம்.

வெடித்த கட்டிக்கு நம் ஊரில் முதல் எதிரி ஈ. ஒரு பகல் கவனிக்காமல் விட்டால் முட்டையிட்டுவிடும், மறுநாள் புழு நெளியும். புண்ணுள்ள நாயை வீட்டுக்குள் வையுங்கள், காற்றாடிக்கு அடியில், மெல்லிய பருத்தித் துணியால் மூடி. தினம் இரு முறை உப்புநீரால் கழுவி, மருத்துவர் தந்த மருந்தைப் போடுங்கள். புழு கண்டால் டர்பன்டைன், மண்ணெண்ணெய், பினாயில் எதையும் ஊற்றாதீர்கள். புழுவோடு சேர்த்து நாயின் சதையும் வெந்துபோகும், நக்கினால் விஷம். மருத்துவரிடம் அதற்கென்றே ஸ்பிரே இருக்கிறது.

டைல்ஸ் தரை நோயாளி நாய்க்கு ஐஸ் மாதிரி வழுக்கும். சாக்கோ யோகா பாயோ நடைபாதையாக விரியுங்கள். எழ முடியாதபோது ஒரு துண்டை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் பின்னங்கால் தானாக நடக்கும். ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் சில மணிக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். கத்திரி வெயிலில் எங்கள் நடை காலை ஐந்தரை மணிக்கே முடிந்துவிடும்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள்

எப்போது போதும் என்று சொல்வது? இதைத்தான் எல்லோரும் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஏழு தலைப்புகள் வகுத்திருக்கிறார்: வலி இல்லாமை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூட்டுத்தொகை 35 க்கு மேல் இருந்தால் தொடரலாம். வீட்டில் இருவர் தனித்தனியே போட்டுப் பாருங்கள். அம்மா போட்ட மதிப்பெண் எப்போதும் என்னுடையதைவிடக் குறைவு. பகல் முழுக்க அவனோடு இருந்தவர் அவர்தான் என்பதால் அதையே சரியென்று எடுத்துக்கொண்டேன்.

இதோடு என் சொந்தக் கணக்கும் ஒன்று இருந்தது. பூபதிக்குப் பிடித்தவை நான்கு: பால்காரர் மணி அடித்தால் கேட்டுக்கு ஓடுவது, தேங்காய் உடைக்கும் சத்தம், என் செருப்பில் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைப்பது, அம்மா சீரியல் பார்க்கும்போது அவர் பாதத்தின் மேல் தலை வைப்பது. மாலையில் நான்குக்கும் ஒரு கோடு போடுவேன். ஆடி மாதம் செருப்புக்கோடு நின்றது. பிறகு பால்காரர். ஆவணி முதல் வாரம் அம்மா தேங்காயை வேண்டுமென்றே இரண்டு முறை தட்டினார். காது மட்டும் அசைந்தது.

கருணைக்கொலை என்ற சொல் காதுக்குக் கொடூரமாக இருக்கிறது, நடப்பது அப்படியில்லை. முதலில் ஆழ்ந்து தூங்க ஓர் ஊசி, பிறகு மயக்க மருந்து அளவுக்கு மேல். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது, கடைசியில் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் இருக்கலாம், சிறுநீர் பிரியலாம். உயிர் போன பிறகு நடப்பவைதான் இவை, தெரிந்து வைத்திருந்தால் பயப்பட மாட்டீர்கள். மருத்துவர் வீட்டுக்கு வருவாரா, கட்டணம் எவ்வளவு, உடலை எங்கே கொண்டுபோவது என்பதையெல்லாம் நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே விசாரித்துவிடுங்கள். கட்டணத்தையும் முன்பே கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் சில்லறை எண்ண முடியாது. சொந்த மனையில் புதைப்பதானால் கிணறு, போர்வெல்லுக்குத் தள்ளி, வேறு பிராணி தோண்ட முடியாத ஆழத்தில். குழந்தைகளிடம் “ஊருக்குப் போய்விட்டான்” என்று சொல்லாதீர்கள், வாசலில் காத்திருப்பார்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் உடலை ஒரு முறை முகர்ந்து பார்க்க விடுங்கள்.

மிஞ்சிய மருந்தைக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடக் கூடாது. மாத்திரைகளை ஒரு கவரில் போட்டு மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்தேன். தயிர்ச் சட்டிக்குப் பக்கத்து டப்பாவில் பிரிக்காத வின்கிரிஸ்டின் குப்பி ஒன்று இருந்தது. அதை என்ன செய்வது என்று கேட்டேன். மருத்துவர் தேதியைப் பார்த்தார், குளிரிலேயே வைத்திருந்தீர்களா என்று கேட்டார், வாங்கிக்கொண்டார். மறுவாரம் அந்தப் பக்கம் போனபோது, பஸ் நிலையத்திலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு செவலை நாய்க்கு, பூக்கோசு மாதிரிக் கட்டி, அந்த மருந்தை ஏற்றியதாகச் சொன்னார். இன்னும் மூன்று ஊசி பாக்கி இருந்தது.